தினமும் நன்றி எழுதுகிறேன், உள்ளே ஒன்றுமே இல்லை: இது பொய்தானே?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. யாரோ சொன்னார்கள் என்று, தேவனுக்கு நன்றி சொல்ல வேண்டிய மூன்று காரியங்களைத் தினமும் இரவில் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தீர்கள். ஆரம்பத்தில் நன்றாக இருந்தது. இப்போது குடும்பம், ஆரோக்கியம், வேலை என்று அதே மூன்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. இதற்கிடையில் உங்கள் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனத்தைக் காட்டி, இதற்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும் என்கிறார்கள் சபையில். எழுதினால் பொய் சொல்வதுபோல் இருக்கிறது, எழுதாவிட்டால் குற்ற உணர்வாக இருக்கிறது. தொடர்வதா, விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். விடுபட்ட நாட்களுக்கும் சேர்த்து எழுத வேண்டுமா என்று கடைசியில் ஒரு வரியும் இருந்தது.

கேள்வி நோட்டைப் பற்றியதுபோலத் தெரிந்தாலும், உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். உணர்வே வராமல் சொல்லும் நன்றியைத் தேவன் நன்றியாக எடுத்துக்கொள்வாரா, இல்லை உதட்டு ஆராதனை என்று தள்ளிவிடுவாரா? அதைத்தான் கேட்கிறீர்கள். நான் இறையியல் படித்தவன். பல வருடங்கள் சபை ஊழியத்தில் இருந்துவிட்டு, இப்போது பெரும்பாலும் தியான முகாம்களில் தனிநபர்களின் ஜெப வாழ்க்கைக்குத் துணையாக இருக்கிறேன். உளவியலும் மருத்துவமும் என் துறை இல்லை. அந்த எல்லை எங்கே வருகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். உணர்வு வராததால் நன்றி பொய்யாகாது. கிடைக்காத ஒன்றைக் கிடைத்தது என்று சொன்னால் பொய். நன்மை என்று நீங்கள் நம்பாத ஒன்றை நன்மை என்று தேவனிடமே சொன்னால் அதுவும் பொய். மற்றபடி, உண்மையாகவே பெற்றுக்கொண்ட ஒன்றை, களைத்துப்போன மனதோடு, சுரத்தே இல்லாமல் "தந்தீர், நன்றி" என்று சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஆகவே தொடருங்கள் என்பதே என் கருத்து. ஆனால் இப்போது எழுதுகிற விதத்தில் வேண்டாம்.

இதில் வேதம் தெளிவாக இருக்கும் இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வேதத்தில் ஸ்தோத்திரம் எங்கெல்லாம் கட்டளையாக வருகிறதோ, அங்கே பெரும்பாலும் மறதிதான் எதிராளியாக நிற்கிறது. "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்கிறது 103ஆம் சங்கீதம். உபாகமம் 8ஆம் அதிகாரம், புசித்துத் திருப்தியடையும்போது ஸ்தோத்திரி என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே மறந்துவிடாதபடி எச்சரிக்கையாயிரு என்கிறது. வீடு கட்டி, ஆடுமாடு பெருகி, எல்லாம் நன்றாகப் போகும்போதுதான் மறதி வரும் என்பது அந்த அதிகாரத்தின் கவலை. சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி அதற்கு எபெனேசர் என்று பெயர் வைத்தார். கல் எதற்கு? நாளைக்கு இந்த உணர்வு இருக்காது என்று அவருக்குத் தெரியும். நோட்டும் அதற்குத்தான். உணர்வு நிரம்பி வழிந்தால் நோட்டே தேவையில்லையே.

அப்படியானால் உங்கள் நோட்டு ஏன் வறண்டது? நான் பார்த்த அளவில் முதல் காரணம், எழுதுவது எல்லாம் தலைப்புகளாகிவிடுவது. குடும்பம், ஆரோக்கியம், வேலை என்பவை நன்றிகளே இல்லை, நன்றிகள் அடுக்கப்படும் அலமாரிகளின் பெயர்கள். 136ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். 26 வசனம், ஒவ்வொன்றிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வருகிறது. உங்கள் நோட்டைவிடத் திரும்பத் திரும்பச் சொல்லும் பாட்டு அது. ஆனாலும் சலிப்பதில்லை, ஏனென்றால் அந்தப் பல்லவிக்கு முன்னால் வரும் ஒவ்வொரு வரியும் வேறு. சூரியன் தனி வரி, சந்திரனும் நட்சத்திரங்களும் தனி வரி. வழியில் எதிர்த்த ராஜாக்களைக்கூட "எதிரிகள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. எமோரியரின் ராஜா சீகோன், பாசானின் ராஜா ஓக் என்று பெயர் சொல்கிறது. வழிபாட்டில் பாடும் ஒரு ஸ்தோத்திரப் பாட்டில் ஓக்கின் பெயர் எதற்கு என்று நான் படிக்கும் காலத்தில் யோசித்ததுண்டு. அந்தப் பெயர் இல்லாவிட்டால் அது யாருக்கோ நடந்த கதை. பெயர் இருப்பதால் எங்களுக்கு நடந்தது.

ஒரு முகாமில் ஒருவர் தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பல பக்கங்களுக்கு "நல்ல ஆரோக்கியத்துக்காக ஸ்தோத்திரம்" என்று ஒரே கையெழுத்து, கீழே போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே வந்திருந்தது. இன்றைக்கு ஆரோக்கியம் எந்த இடத்தில் உங்கள் கண்ணில் பட்டது என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "காலையில் மாடிப்படி ஏறும்போது, பாதியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கவில்லை. போன மாதம் நின்று நின்றுதான் ஏறினேன்." சரி, அதை எழுதுங்கள் என்றேன். "ஆண்டவரே, இன்றைக்கு மூன்றாவது மாடி வரைக்கும் நிற்காமல் ஏறினேன்" என்று எழுதினார். எழுதிவிட்டு அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனமாற்றம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் அது அன்றைய நாளின் வரி, மறுநாள் அதை அப்படியே திரும்ப எழுத முடியாது.

பொதுவான நன்றிக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் நாரிச் பேராயர் எட்வர்ட் ரெய்னால்ட்ஸ் எழுதிய பொது ஸ்தோத்திர ஜெபம் இருக்கிறது. எங்களைப் படைத்ததற்காக, காப்பாற்றி வருவதற்காக, இந்த வாழ்வின் எல்லா ஆசீர்வாதங்களுக்காக என்று தொடங்கி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கிறிஸ்துவினால் உண்டான மீட்புக்காக என்று போகும். முழுக்கப் பொதுவான வார்த்தைகள்தான். ஆனால் அது சபையாக எல்லாரும் சேர்ந்து சொல்ல எழுதப்பட்டது. பொதுவாக இருந்தால்தான் அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் அதற்குள் தன் காரியத்தை வைக்க முடியும். தனியாக உட்கார்ந்து எழுதும்போது அந்த வேலை உங்களுடையது. கூட்டத்தில் சொல்லும் ஜெபத்தைத் தனியறைக்கும், தனியறை ஜெபத்தைக் கூட்டத்துக்கும் மாற்றிப் போட்டுக்கொள்வதால்தான் பாதி சலிப்பு வருகிறது என்று தோன்றுகிறது.

இன்னொரு காரணத்தைத்தான் நான் முக்கியமானது என்று நினைக்கிறேன். பட்டியல் யாரிடமும் பேசுவதில்லை. "இன்று நன்றாகத் தூங்கினேன்" என்று எழுதினால் அது நாட்குறிப்பு. "இன்று எனக்குத் தூக்கம் தந்தீர்" என்று எழுதினால் அது ஜெபம். சின்ன வித்தியாசம்தான். ஆனால் கிறிஸ்தவப் பயிற்சியையும் இன்று எங்கும் பரவியிருக்கும் நன்றிக் குறிப்பேட்டுப் பழக்கத்தையும் பிரிப்பது இதுதான். லூக்கா 17இல் குஷ்டரோகிகள் பத்துப் பேர் வருகிறார்கள் அல்லவா? சுகமான பிறகு நன்றி சொல்லத் திரும்பி வராத ஒன்பது பேரைத் திட்டாத பிரசங்கம் கிடையாது. ஆனால் கதையைக் கவனித்தால், அவர்கள் சொன்னதைத்தான் செய்தார்கள். ஆசாரியர்களிடம் போய்க் காண்பியுங்கள் என்று இயேசுவே சொல்லியிருந்தார், அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சுகமானதைக் கண்டு சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. பத்தாவது ஆளான சமாரியன் செய்தது ஒன்றே ஒன்று. நடுவழியில் நின்று, திரும்பி, சுகம் தந்தவரிடம் வந்தான். ஒன்பது பேருக்கும் சந்தோஷம் இருந்தது, நன்றி அவன் ஒருவனிடம்தான் இருந்தது. அதனால் நோட்டில் ஒரே ஒரு மாற்றம் செய்யச் சொல்வேன்: ஒவ்வொரு வரியிலும் "நீர்" வரட்டும்.

இங்கே ஆராய்ச்சிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "நன்றி எழுதினால் மனநலம் கூடும் என்று விஞ்ஞானமே சொல்கிறது" என்பதை நம் பிரசங்கங்களில் கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்துகிறோம். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற உளவியலாளர்கள் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வுதான் இதில் அதிகம் பேசப்படுவது. அதன் ஒரு பகுதியில் மாணவர்கள் 10 வாரங்கள், வாரம் ஒருமுறை எழுதினார்கள். நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிட வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். இது உண்மை. ஆனால் பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், பலன் இருக்கிறது, ஆனால் சிறியது என்றார்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இது ஒரு சிகிச்சைபோல வேலை செய்யும் என்று சொல்ல அவை இடம் தரவில்லை. உங்களுக்கு ஆறுதலாக இருக்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. உளவியலாளர் சோன்யா லூபோமிர்ஸ்கியும் அவருடன் வேலை செய்தவர்களும் 6 வாரங்கள் நடத்திய ஒரு சோதனையில், வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அடிக்கடி செய்தால் மரத்துப்போகும் என்பது உங்கள் விசுவாசக் குறைவால் வந்தது இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். மனித மனம் அப்படித்தான். மற்றபடி இந்த ஆய்வுகள் எல்லாம் அளந்தது மனநிலையை. தேவனோடு இருக்கும் உறவு வளர்ந்ததா என்பதை அவை அளக்கவும் இல்லை, அளக்க முடியும் என்று நான் நினைக்கவும் இல்லை.

மனநிலையை உயர்த்துவதுதான் நோக்கம் என்றால், அந்தச் சோதனையைப் பார்த்து வாரம் ஒருமுறைக்கு மாறிவிடலாம். ஜெபம் என்றால், தினமும் என்பதற்கு வேறு நியாயம் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களிடம் தினமும் பேசுகிறோம், பேசும்போதெல்லாம் உள்ளம் பொங்குகிறதா என்ன? நோட்டில் எழுதுவதை வாரம் ஒன்றிரண்டு நாளுக்குக் குறைத்துவிட்டு, மற்ற நாட்களில் படுக்கும் முன் ஒரே ஒரு காரியத்தை வாயால் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். மூன்று என்ற எண்ணுக்கு வேதத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

வரி கிடைக்காத நாட்களில் மனிதர்களைத் தேடுங்கள். பவுல் தன் நிருபங்களில் பெரும்பாலானவற்றை, வாசிப்பவர்களுக்காக நன்றி சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். "நான் உங்களை நினைக்கிறபொழுதெல்லாம் என் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று பிலிப்பியருக்கு எழுதும்போது அவர் காவலில் இருக்கிறார். சண்டையும் பிரிவினையுமாக இருந்த கொரிந்து சபைக்கு எழுதும்போதுகூட, திட்டுவதற்கு முன்னால், அவர்களுக்கு அளிக்கப்பட்ட கிருபைக்காக நன்றி சொல்கிறார். ஆனால் கலாத்தியருக்கு எழுதும்போது அந்தப் பகுதியே இல்லை! வாழ்த்து முடிந்த உடனே, இவ்வளவு சீக்கிரமாக விலகிவிட்டீர்களே, ஆச்சரியமாயிருக்கிறது என்று பாய்கிறார். வழக்கம் என்பதற்காக, அந்த நேரத்தில் வராத நன்றியை அவர் இட்டுக்கட்டி எழுதவில்லை. உங்கள் பொய் பயத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. எதற்கு முடியுமோ அதற்குச் சொன்னார், முடியாத இடத்தில் சொல்லாமல் விட்டார், தேவனோடு உள்ள உறவு அதனால் முறிந்துவிடவில்லை.

இனி அம்மாவின் விஷயம். இதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

அம்மாவின் நோய்க்காகவே நன்றி சொல்ல வேண்டுமா? கிறிஸ்தவர்களுக்குள் இதில் ஒரே கருத்து இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எபேசியர் 5:20இல் எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரிக்கச் சொல்கிறாரே என்று அதை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் போதனை மிகவும் பரவியது. அவர்களைக் கேலி செய்ய மாட்டேன். கான்ஸ்டான்டினோப்பிளின் பேராயராக இருந்த யோவான் கிறிசோஸ்தம், நாடுகடத்தப்பட்டு, 407இல் உடல் நொறுங்கி வழியிலேயே இறந்தபோது, "எல்லாவற்றுக்காகவும் தேவனுக்கு மகிமை" என்று சொல்லி மடிந்ததாக அவருடைய வரலாற்றை எழுதிய பல்லாடியுஸ் சொல்கிறார். அப்படிச் சொல்ல ஒருவருக்கு முடிந்தால் அது பெரிய விஷயம். ஆனால் அவர் அதைத் தன் சொந்தப் பாடுகளைக் குறித்துச் சொன்னார். இன்னொருவரின் கட்டிலருகே நின்று, நீயும் சொல் என்று வற்புறுத்தவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

என் புரிதல் இது. நோய், சாவு, அநியாயம் ஆகியவற்றை வேதம் எங்கும் நன்மை என்று அழைப்பதில்லை. சாவைக் கடைசிச் சத்துரு என்கிறது. சத்துருவுக்காக நன்றி சொல்லும்படி தேவன் கேட்கிறார் என்று என்னால் வாசிக்க முடியவில்லை. அந்தச் சூழ்நிலைக்கு உள்ளேயும் அவர் தருவது ஏதோ இருக்கும், அதைக் கண்டு சொல் என்று கேட்கிறார் என்றே வாசிக்கிறேன். இதற்கு எனக்குத் துணை லாசருவின் கல்லறை. யோவான் 11இல் "இயேசு கண்ணீர் விட்டார்" என்ற குட்டி வசனம் வந்து, ஐந்தாறு வசனம் தாண்டியதும், கல்லறைக்கு முன்னால், "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று வருகிறது. அழுகையும் ஸ்தோத்திரமும் ஒரே வாயிலிருந்து வந்தன. லாசருவின் சாவுக்காக அவர் நன்றி சொல்லவில்லை, அதற்காக அழுதார். பிதா செவிகொடுத்தார் என்பதற்காக நன்றி சொன்னார். அதேபோல் ஒவ்வொரு திருவிருந்திலும் நாம் கேட்கும் வார்த்தைகளையும் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்: தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம்பண்ணினார். யூதாசின் செயலுக்கு நன்றி சொன்னார் என்று யாரும் இதைப் பொருள்கொள்வதில்லை. அந்த இரவிலும் கையில் இருந்த அப்பத்துக்கு நன்றி சொன்னார்.

அதனால் அம்மாவின் அறையில் உட்கார்ந்துகொண்டு, "இந்த நோய்க்காக நன்றி" என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை. முறையிடுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் ஆரம்பிப்பதுபோல ஆரம்பியுங்கள். அந்தச் சங்கீதம் பாட்டில் முடிகிறது. 88ஆம் சங்கீதமோ, நண்பர்கள் தூரமாய் விலகிப்போனார்கள் என்ற முறையீட்டோடு அப்படியே நின்றுவிடுகிறது, ஒரு ஸ்தோத்திர வரிகூட ஒட்டவைக்கப்படவில்லை. அதுவும் வேதத்தில் இருக்கிறது, அதுவும் ஜெபம்தான். உங்களுடைய சில நாட்கள் 13 ஆக இருக்கும், சில நாட்கள் 88 ஆக இருக்கும். 88 நாளில் நோட்டில் "இன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை ஆண்டவரே" என்று எழுதி மூடிவிடுங்கள்.

கணவரை வருடக்கணக்கில் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்ட ஒரு சகோதரி எங்கள் ஜெபக் குழுவில் இருந்தார். எல்லாரும் சாட்சி சொல்லும்போது இவர் வாயே திறக்க மாட்டார். ஒருநாள் கேட்காமலே சொன்னார்: "இன்றைக்கு அவருக்குப் போர்வை மாற்றும்போது, என் கைக்கு வசதியாக இருக்கட்டும் என்று அவரே தோளைக் கொஞ்சம் தூக்கிக்கொடுத்தார். அதற்கு நன்றி. வியாதிக்கு நன்றி சொல்ல என்னால் முடியாது." யாரும் ஆமென்கூடச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து அந்த அறையில் சொல்லப்பட்ட மிகச் சுத்தமான ஸ்தோத்திரம் அது. முடிந்ததையும் முடியாததையும் ஒரே மூச்சில் தேவனுக்கு முன்னால் வைத்துவிட்டார்.

உங்களிடம் வசனம் காட்டியவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் நீதிமொழிகள் 25:20ஐ அவர்களும் வாசிக்கலாம். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போன்றவன் என்கிறது. அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று சொன்னவரும், எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள் என்று சொன்ன அதே பவுல்தான்.

இந்த இடத்தில் வழக்கமாக மார்ட்டின் ரிங்கார்ட்டின் கதையைச் சொல்வார்கள். ஜெர்மனியின் ஐலன்பர்க் நகரத்துப் போதகர். முப்பதாண்டுப் போர்க் காலத்தில், 1637இல் அங்கே கொள்ளைநோய் வந்தபோது 4,000க்கும் அதிகமானவர்களை அவர் அடக்கம் செய்ததாகச் சொல்லப்படுகிறது. அவருடைய மனைவியும் அந்த ஆண்டில் இறந்தார். உலகமெங்கும் ஸ்தோத்திர ஆராதனைகளில் பாடப்படும் "இப்போது எல்லாரும் தேவனுக்கு நன்றி சொல்லுங்கள்" என்று தொடங்கும் ஜெர்மன் ஞானப்பாட்டு அவருடையது. பிணங்களின் நடுவே உட்கார்ந்து இதை எழுதினார் என்று உருக்கமாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நோயும் போரும் அடக்கங்களும் உண்மை. பாட்டு எழுதப்பட்ட நேரம் பற்றிய அந்தக் காட்சி மட்டும் நம்பத்தக்கதில்லை. உணவு மேசையில் சொல்லும் ஜெபமாக, கொள்ளைநோய்க்கு முன்பே, 1636 வாக்கில் அவர் எழுதினார் என்பதே பரவலான கணிப்பு. எனக்கு இதுதான் அந்தக் கட்டுக்கதையைவிடப் பிடித்திருக்கிறது. சாதாரண நாளில் சாப்பிடும் முன் சொல்லிப் பழகிய ஜெபம், அந்தக் கொடிய வருடம் வந்தபோது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

நன்றியைக் கெடுப்பது சோகம் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் சோகம் அவ்வளவு கெடுப்பதில்லை. ஒப்பீடுதான் கெடுக்கிறது. "எத்தனையோ பேருக்கு இதுகூட இல்லை, உனக்கு இருக்கிறதே என்று நன்றி சொல்" என்று நம்மை வளர்க்கிறார்கள், நாமும் பிள்ளைகளை அப்படியே வளர்க்கிறோம். லூக்கா 18இல் இப்படி நன்றி சொன்ன ஒருவர் இருக்கிறார். "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால், உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றார் அந்தப் பரிசேயர். நியாயமாகப் பார்த்தால் அது ஒரு ஸ்தோத்திர ஜெபம்தான்! தேவனிடம்தான் பேசுகிறார், நன்றிதான் சொல்கிறார். ஆனால் அந்த நன்றிக்குப் பக்கத்தில் தாழ்வான ஒருவர் நின்றாக வேண்டும். மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, "நம் அம்மா பரவாயில்லை" என்று நன்றி சொல்லும்போது நாமும் அங்கேதான் நிற்கிறோம். அந்தக் கட்டிலில் இருப்பவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அவள் எந்தக் கட்டிலைப் பார்த்து நன்றி சொல்வது? நாளைக்கு அம்மாவின் நிலை மோசமானால் இந்த நன்றி தானாகக் காலாவதியாகிவிடும். நோட்டில் "குறைந்தபட்சம்" என்றோ "மற்றவர்களைப்போல் இல்லாமல்" என்றோ ஆரம்பிக்கும் வரி இருந்தால் அதை அடித்துவிடுங்கள். அம்மாவோடு இன்று என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுங்கள்.

முறையாக ஏதாவது வேண்டும் என்றால், இயேசு சபையைத் தொடங்கிய கத்தோலிக்கத் துறவி லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மப் பரிசோதனையைச் சொல்வேன். அவருடைய ஆன்மீகப் பயிற்சிகள் 1548இல் அச்சானது. அதில் நாளின் முடிவில் செய்யும் பரிசோதனைக்கு ஐந்து படிகள் உண்டு: பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது, பாவங்களை அறிய அருள் கேட்பது, நாளை மணிவாரியாகத் திருப்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்த உறுதி எடுப்பது. நன்றி முதலில் வருவதைக் கவனியுங்கள், பாவம் பிறகுதான் வருகிறது. 1542இல் தன் தோழர் சிமாவோ ரோட்ரிகஸுக்கு எழுதிய கடிதத்தில், எல்லாத் தீமைக்கும் பாவத்துக்கும் தொடக்கம் நன்றிகெட்டதனம் என்ற பொருளில் எழுதியிருக்கிறார், அதனால் இந்த வரிசை தற்செயலாக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சீர்திருத்த சபைப் பின்னணியில் வந்தவர்கள் இதைக் கண்டு தயங்க வேண்டாம், பயமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் நிலையில் ஐந்தும் வேண்டாம். கண்ணை மூடி, காலை எழுந்ததிலிருந்து இப்போது வரை நாளை மெதுவாக ஓடவிட்டு, எங்கே கொஞ்சம் இலகுவாக மூச்சு விட்டேன் என்று மட்டும் தேடுங்கள். அந்த இடத்தில் நின்று "அங்கே நீர் இருந்தீர்" என்று சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். பலருக்கு ஐந்தாவது நிமிடத்தில் தூக்கம் வரும், அதற்காக வருந்த வேண்டாம்.

இப்படி உணர்வில்லாமல் செய்துகொண்டே இருந்தால் ஒருநாள் உணர்வு வருமா? சிலருக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன், சிலருக்கு நெடுங்காலம் வராமலே இருப்பதையும் பார்த்திருக்கிறேன். வரும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க வேதத்திலும் எனக்கு இடமில்லை, அனுபவத்திலும் இல்லை. வராதவர்களிடம் வேறு ஒன்றைக் கவனித்திருக்கிறேன், இது வெறும் என் அபிப்பிராயம்தான்: அவர்களுடைய முறையீடு மாறுகிறது. "எனக்கு யாருமே இல்லை" என்பது, "நேற்று இருந்தீர், இன்று எங்கே போனீர்?" என்று ஆகிறது. கோபம் குறைவதில்லை. ஆனால் யாரைப் பார்த்துக் கோபப்படுகிறோம் என்பது தெளிவாகிவிடுகிறது.

என் எல்லையை இங்கே சொல்லிவிடுகிறேன். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் தாங்களே உடைந்துபோவது சாதாரணமாக நடப்பது. எதிலும் ஈடுபாடு இல்லை, தூக்கமும் பசியும் போய்விட்டன, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்று இரண்டு வாரமாக இருந்தால், அது நன்றியில்லாத மனம் இல்லை, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நோட்டை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்று தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே யாரிடமாவது சொல்லி உதவி தேடுங்கள். அதேபோல், வீட்டில் அடி உதை வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு "இதற்கும் ஸ்தோத்திரம் சொல்" என்று ஆலோசனை சொல்வது பாவம் என்றே நான் சொல்வேன். உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் இல்லை, ஆனால் இதை வேறு யாராவது வாசிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

விடுபட்ட நாட்களைச் சேர்த்து எழுத வேண்டுமா என்று கேட்டீர்களே, வேண்டாம். அது கடன் இல்லை, பாக்கி விழுவதற்கு. போன செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று யோசித்து இட்டு நிரப்பினால்தான் மறுபடியும் குடும்பம், ஆரோக்கியம், வேலை என்று வரும். பக்கங்கள் காலியாகவே இருக்கட்டும், தேதியைப் போட்டு இன்றையதை எழுதுங்கள். அம்மா விழித்திருக்கும் நேரமாக இருந்தால், எழுதும் முன் அவரிடமே கேட்டுப் பாருங்கள்: "இன்றைக்கு என்னம்மா எழுதலாம்?" அவர் சொல்வது நீங்கள் நினைத்ததாக இருக்காது.